திருத்தாத பழைய காரும் லொறியும்: திருகோணமலையில் எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது

உப்புவெளித் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “யாரும் திருத்திப் பெயின்ற் அடிக்காத, கிடந்தபடியே கிடக்கிற ஒரு பழைய கார் வாங்க ஆசை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 மாதிரி. விளம்பரத்தில் வருவதெல்லாம் பளபளவென்று இருக்கிறது, விலை கைக்கு எட்டவில்லை. கந்தளாய்ப் பக்கம் ஒரு பெட்போர்ட் லொறியும் கண்ணில் பட்டது. எங்கே தேடுவது, எதைப் பார்ப்பது, லொறி வாங்கலாமா?”

தம்பி, திருத்தாத வண்டிதான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்ததே பெரிய காரியம். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கிடந்தபடி கிடக்கும் வண்டி தன் கறளைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டை எங்கே, ஒட்டு எங்கே என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். அரைகுறையாகத் திருத்திய வண்டியில் அதெல்லாம் பட்டிக்கும் (ஓட்டையை நிரப்பும் பசை) பெயின்றுக்கும் கீழே போய்விடும். நான் இதைக் காசு கொடுத்துப் படித்தவன். பல வருடங்களுக்கு முன் வெளியூரில் சிவப்புப் பெயின்ற் அடித்த ஒரு மைனரைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ரயர் மாற்ற ஜக்கை வைத்துத் தூக்கினேன். கார் எழும்பவில்லை, ஜக் தகரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. உரித்துப் பார்த்தால் கதவுக்குக் கீழே ரொட்டி மொத்தத்துக்குப் பட்டி, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்தக் காரைச் சரிப்படுத்தச் செலவழித்த காசுக்குத் திருத்தாத கார் இரண்டு வாங்கியிருக்கலாம்.

இந்தக் கார்கள் எங்கள் பக்கம் இவ்வளவு காலம் பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் இறக்குமதி இறுக்கமாக இருந்தது. புதுக் கார் கிடைக்காது. இருப்பதைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டும். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து ஜப்பான் கார்கள் வரத்தொடங்க, பழைய ஒஸ்டினும் மொரிஸும் ஹில்மனும் மெல்ல மெல்ல வளவின் பின்பக்கம் போயின. அப்புறம் யுத்தம். இடம்பெயர்ந்த குடும்பங்கள் காரை ஓட்டிக்கொண்டா போகும்? விட்டுவிட்டுப் போன கார்களில் பல அழிந்தன. சில மட்டும் கிடுகுக் கொட்டிலுக்குள்ளேயே நின்றுவிட்டன. உங்களுக்கு வேண்டியது அந்தச் சிலதில் ஒன்று.

அவை இக்மன், ரியசெவன என்ற இணைய விளம்பரத் தளங்களில் வராது. அங்கே போடத் தெரிந்தவருக்கு விலையும் தெரியும். அந்தத் தளங்களைத் தினமும் பாருங்கள், ஆனால் விலைப்போக்கு தெரிந்துகொள்ள மட்டும். வண்டியை ஆட்களிடம்தான் தேட வேண்டும். வயதான மெக்கானிக்குகள், டிங்கர் வேலை (தகர உடம்பு திருத்துவது) செய்கிறவர்கள், பற்றரி சார்ஜ் போடுகிறவர்கள், உழவு இயந்திரம் திருத்தும் கராஜ்காரர் போன்றவர்களுக்கு எந்த வளவில் எந்த வண்டி எந்த வருடத்திலிருந்து நிற்கிறது என்று தெரியும். லிங்கநகர், பாலையூற்று, உவர்மலை என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படி ஒருவர் இருப்பார். பழைய வீடு வளவுகளை விற்றுக்கொடுக்கும் தரகர்களிடமும் சொல்லிவையுங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் காணியை விற்க முடிவெடுக்கும்போதுதான் “அப்பாவின் கார் ஒன்று நிற்குது, அதை என்ன செய்யிறது” என்ற பேச்சே வரும்.

இன்னொருவரை மறக்க வேண்டாம்: பழைய இரும்பு வாங்க வருகிறவர். உங்களுக்கு உண்மையான போட்டி அவர்தான். ஒரு காரை அவர் நிறை பார்த்து வாங்கி, மத்தியானத்துக்குள் துண்டாக வெட்டிவிடுவார். “கார், ஜீப், லொறி எது கிடைத்தாலும் வெட்டுவதற்கு முன் எனக்கு ஒரு கோல் எடுங்கோ, நிறை விலைக்கு மேலே தருவேன்” என்று அவரிடம் சொல்லிவையுங்கள். என்னிடம் இருக்கும் நல்ல பாகங்களில் பாதி அப்படி வந்தவைதான்.

ஒரு மரியாதையும் இருக்கிறது. வீட்டுக்காரர் இறந்த செய்தி கேட்டவுடன் கார் விசாரிக்கப் போகக்கூடாது. அந்தியேட்டி முடியட்டும், இன்னும் சில மாதம் போகட்டும். போனாலும் முதல் நாளே விலை கேட்க வேண்டாம். தம்பலகாமத்தில் ஒரு ஏ40 சோமசெட் பார்க்கப் போனேன். பின்சீற்றில் கோழி அடைகிடந்தது. அந்த அம்மா கோழியைத் தூக்கிவிட்டு, சேலைத் தலைப்பால் ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டுத்தான் என்னை உள்ளே பார்க்கவிட்டார். டிக்கிக்குள் சாக்கில் சுற்றிய ஸ்டார்ட்டிங் ஹாண்டில், ஜக், சக்கரக் கப் நான்கும் வைத்த இடத்திலேயே இருந்தன. “பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது இந்தக் காரிலதான் தம்பி” என்றார். அதற்குப் பிறகு அந்தக் காரை இரும்பு என்று சொல்லி விலையைக் குறைக்க எனக்கு வாய் வரவில்லை. நான்காவது முறை போனபோது அவரே விலையைச் சொன்னார். அதையே கொடுத்தேன்.

சரி, வண்டி கிடைத்துவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது பதிவுப் புத்தகம். கறள் பிடித்ததை ஒட்டலாம், எஞ்சினை இறக்கித் திருத்தலாம். புத்தகம் இல்லாத வண்டியை ரோட்டில் ஏற்ற முடியாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி (அடிச்சட்டம்) இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் இருப்பவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மைனர்களில் பெரும்பாலும் இருக்கும் பழைய ஏ ரக (A-series) எஞ்சினில் இலக்கம் டைனமோவுக்கு மேலே, புளொக்கில் அறைந்த சின்னத் தகட்டில் இருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் துடைத்தால் தெரியும். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். ஜப்பான் எஞ்சின் ஏற்றிய மைனர்கள் எத்தனையோ ஓடுகின்றன, புத்தகத்தில் மட்டும் பழைய இலக்கம் அப்படியே இருக்கும். செசி இலக்கம் அரத்தால் தேய்த்தது போலவோ புதிதாகக் கொத்தியது போலவோ பட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். புத்தகத்தில் இருப்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

எங்கள் பக்கத்துப் பெரிய சிக்கல், புத்தகத்தில் உள்ள பெயர். அது பெரும்பாலும் தாத்தாவின் பெயராக இருக்கும். அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், பிள்ளைகள் நாலு நாட்டில் இருப்பார்கள். அந்த நிலையில் வீட்டில் இருக்கும் ஒருவர் மட்டும் கையெழுத்து வைத்துத் தந்தால் போதாது. மரணச் சான்றிதழ், உரிமையுள்ள எல்லாருடைய சம்மதம், வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்து அற்றோர்ணித் தத்துவம், எல்லாம் வேண்டும். காசை முழுதாகக் கொடுப்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் போய் இந்தக் கடதாசி வேலையை முடிப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தத் தொகையும் வண்டி விலையில் ஒரு பங்குதான். வருமான அனுமதிப்பத்திரம் எந்த வருடத்தோடு நின்றது, நிலுவை ஏதும் கட்ட வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ‘ஓப்பன் பேப்பர்’ என்று வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கைமாறி வந்த வண்டி என்றால் நான் தொடவே மாட்டேன். இடையில் நின்ற யாரையும் பிறகு பிடிக்க முடியாது.

இலக்கத் தகட்டைப் பார்த்தே வயதைப் பாதி ஊகிக்கலாம். ஈ.எல்., ஈ.என்., சி.வி. என்று ஆங்கில எழுத்தில் தொடங்கினால் ஸ்ரீ இலக்கம் வருவதற்கு முந்திய பதிவு. சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இல் வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தமிழ் எழுத்தில் ஸ்ரீ எழுதி ஓட்டியதும், 1958இல் எழுத்துகளுக்குத் தார் பூசியதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய தகட்டில் பெயின்ற் இரண்டு மூன்று அடுக்காக இருந்தால் சுரண்டித் துப்புரவாக்க வேண்டாம். அந்த அடுக்குகளையும் சேர்த்துத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள்.

அடுத்தது கறள். திருகோணமலையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். கடல் மூன்று பக்கம் சுற்றிக் கிடக்கிற ஊர். உப்புக் காற்று தகரத்தை உள்ளிருந்து தின்னும். அதனால் ஒரே வருடத்து இரண்டு கார், ஒன்று கடலோர டச்பே பக்கம் நின்றது, மற்றது கடலுக்குத் தள்ளியுள்ள கந்தளாயில் நின்றது என்றால், வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் நான் கந்தளாய்க் காரைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். சிமெந்துத் தரையில் நின்றதா, மண்ணில் நின்றதா என்றும் கேளுங்கள். மார்கழி மழையில் ஈரமண்ணில் ரயர் காற்றுப் போய் நின்ற காருக்கு அடிப்பக்கம் மிஞ்சியிருக்காது.

மைனருக்குத் தனிச் செசி கிடையாது. உடம்பும் செசியும் ஒன்றாகச் செய்த கார். ஆகவே தகரம் போனால் கார் போனது மாதிரித்தான். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, முன்சீற்றுக்கு அடியில் குறுக்காகப் போகும் சட்டம், பின்வில் (ஸ்பிரிங்) மாட்டும் இடம், முன்பக்கம் எஞ்சினுக்கு இருபுறமும் போகும் கால்கள், இவை நாலையும் கையால் தடவி, ஸ்குறூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீர் என்று கேட்கும், போன தகரம் பொத்தென்று கேட்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை உடம்பு முழுவதும் ஓட்டுங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பட்டி இருக்கிறது. ஏ40 சோமசெட்டுக்குத் தனிச் செசி உண்டு. அதனால் உடம்பில் கொஞ்சம் ஓட்டை இருந்தாலும் கார் பிழைக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது ஒரு தைரியம். மைனரில் இன்னொன்று: முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். மரையில் சுழலும் ஒரு மூட்டு அங்கே இருக்கிறது, கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்று சக்கரம் மடிந்து விழும். ஓடும்போது நடந்தால் உயிர் ஆபத்து.

2004 டிசம்பர் 26 சுனாமியையும் மறக்கக்கூடாது. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் பக்கம் கடல்நீரில் மூழ்கிய வாகனங்கள் பல கழுவித் துடைத்து மறுபடி ஓடின. மூழ்கிய காரைக் கண்டுபிடிக்க வெளியே பார்த்துப் பயனில்லை. பின்சீற்றைத் தூக்கி மூலைக்குள் விரலை விடுங்கள். ஒரு காரில் எனக்கு விரல் நுனியில் வந்தது வெள்ளை மணலும், நகத்தளவு சிப்பித் துண்டும். ஹெட்லைற்றின் உள்கிண்ணத்தில் நீர் நின்ற கோடு, வயர் மூட்டுகளில் பச்சை பூத்தது, சீற்றுக் கம்பிச்சுருள்கள் அடியில் மட்டும் கறள் பிடித்தது, இவையும் அடையாளம். இப்படிப்பட்ட காரைப் பாகத்துக்காக வாங்கலாம், ஓடுவதற்காக வேண்டாம்.

எஞ்சினைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஆட்கள் முதலில் “ஸ்டார்ட் வருமா” என்று கேட்பார்கள். இந்தப் பழைய எஞ்சின்கள் ஓரளவுக்கு எப்படியும் திருத்தப்படும். பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: யாழ்ப்பாணத்தில் ஓடியதா? 1990களில் பொருளாதாரத் தடையின்போது அங்கே பெற்றோல் இல்லை. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். ஏ40, மைனர் மாதிரிக் கார்களின் அமுக்க விகிதம் குறைவு, சோமசெட்டுக்கு 7ஐ ஒட்டித்தான் வரும். அதனால்தான் அவை அதற்கு ஈடுகொடுத்தன. பெரும் நெருக்கடியில் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் சுமந்த எஞ்சின்கள் அவை. அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையம் தாண்டி இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், சிலிண்டர் சுவர் தேயும். ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணமும், அளவுக்கு மேலே ஏறிய ஒயிலும் இருந்தால் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எஞ்சின் இறக்கும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

ஜீப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எங்கள் ஊரில் தேடத் தொடங்கினால் அதுவும் கண்ணில் படும். பிரித்தானியக் கடற்படை 1957வரை இங்கே இருந்ததால் பழைய ஜீப் எதைக் காட்டினாலும் “நேவி விட்டுட்டுப் போனது” என்பார்கள். கதைக்குக் காசு கொடுக்க வேண்டாம், குனிந்து முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தகால வில்லிஸ் என்றால் அது உருண்டைக் குழாய். அதே காலத்து போர்ட் ஜீப்புக்குக் கவிழ்த்த தொட்டி வடிவம். பின்பக்கம் திறக்கும் கதவு இருந்தால் பிற்காலத்துச் சிவில் ஜீப்பின் உடம்பு. யுத்தகால ஜீப்புகள் இடப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தவை, வலப்பக்கம் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். லாண்ட்றோவர் என்றால் உடம்பு அலுமினியக் கலவை, பளிச்சென்று இருக்கும். அதை நம்பி ஏமாறாமல் உருக்குச் செசியைப் பாருங்கள், முக்கியமாகப் பின்குறுக்குச் சட்டத்தை.

இனி உங்கள் பெட்போர்ட். லொறி வாங்கலாம், ஆனால் அதை நிறுத்த நிழலும், ரயர் வாங்கக் காசும் இருந்தால் மட்டும். கார் ரயர் விலையை நினைத்துக்கொண்டு லொறிக்குப் போக வேண்டாம். லொறியில் நான் முதலில் கேட்பது, எதை ஏற்றி ஓடியது என்பதுதான். நெல்லும் விறகும் ஏற்றிய லொறி நல்லது. நிலாவெளி உப்பளத்தில் உப்பு ஏற்றியதும், ஐஸ் போட்டு மீன் ஏற்றியதும் ஆகாது. உப்புநீர் பலகை இடுக்கால் இறங்கிச் செசியை அரித்திருக்கும். மணல் ஏற்றியது என்றால் நிறை கூடி ஓடியிருக்கும், கபினுக்குப் பின்னாலும் வில் மாட்டும் இடத்திலும் செசியில் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மேலே வெல்டிங் செய்த பட்டை இருந்தால் அதற்குக் கீழே வெடிப்பு இருந்தது என்று அர்த்தம். பலகை உடம்பில் கறையான் ஏறியிருந்தால் மனம் தளர வேண்டாம், இந்த உடம்புகளை இங்கேயே ஆசாரிமார்தான் கட்டினார்கள், இன்றும் கட்டலாம். ஆனால் ஒரிஜினல் பலகையில் பழைய பெயர் எழுத்தோ சாமிப்படமோ வரைந்திருந்தால் அந்தப் பலகையை மட்டும் எப்படியாவது காப்பாற்றுங்கள்.

விலைக்கு வருவோம். ஒரு தொகையை நான் சொன்னால் நாளைக்கு அது பிழையாகிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய வண்டி எல்லாமே விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்த பிறகும், ‘கிளாசிக்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட விற்பனைக்காரர்கள் இறங்கி வரத் தயங்குகிறார்கள். நான் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். அதே மாதிரி நன்றாக ஓடும் காரின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து டிங்கர் வேலை, எஞ்சின், வயரிங், ரயர், கடதாசிச் செலவு எல்லாவற்றையும் கழியுங்கள். டிங்கர் வேலைக்கு உங்கள் ஆள் சொன்ன தொகையை இரண்டு மடங்காக்கியே கழியுங்கள், அது எப்போதும் அப்படித்தான் முடியும். மிஞ்சுவதற்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒரு விதிவிலக்கு: கம்பனிப் பெயின்ற், சீற்றுத் துணி, கண்ணாடி, மீற்றர், கதவுப் பிடி, சக்கரக் கப் எல்லாம் அதன் சொந்தமாகவே இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மங்கிய பெயின்றாக இருந்தாலும் அது ஒருமுறைதான் இருக்கும், சுரண்டினால் பிறகு எந்தக் காசுக்கும் வராது. புதுப் பெயின்ற் அடித்த கார் எங்கேயும் வாங்கலாம். 1953இல் கம்பனி அடித்த பச்சை நிறத்தோடு நிற்கும் காரை எங்கே தேடுவது?

வாங்கிய அன்றே ஸ்டார்ட் எடுக்க வேண்டாம். கூட நிற்கும் பெடியன்கள் தள்ளச் சொல்வார்கள், விடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு ஹாண்டிலால் கையாலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். இறுகியிருந்தால் பலம் போடாமல் இன்னும் ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள். பழைய டாங்கியில் இருக்கும் பெற்றோல் பிசினாகியிருக்கும், முதல் ஓட்டத்துக்குத் தனிப் போத்தலில் இருந்து குழாய் போட்டுக் கொடுங்கள். பிரேக் இறுகிய காரைக் கயிறு கட்டி இழுத்து வரவும் கூடாது, லொறியில் ஏற்றித்தான் கொண்டு வரவேண்டும். கழுவுவதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுத்துவையுங்கள், எந்த ஆணி எங்கே இருந்தது என்று ஆறு மாதம் கழித்து அந்தப் படம்தான் சொல்லும்.

கந்தளாய் லொறியை இந்த வாரமே போய்ப் பாருங்கள், ஆனால் காசு கொண்டு போக வேண்டாம். ஒரு டோர்ச், துணி சுற்றிய காந்தம், இலக்கம் எழுத ஒரு கொப்பி, கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய சாரம், இவை போதும். வெயில் ஏற முன், காலை ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். செசி இலக்கத்தையும், அது எதை ஏற்றி ஓடியது என்று வீட்டுக்காரர் சொன்னதையும் எழுதி அனுப்பினால், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.